மாரி மழையும் வீட்டுக்குள் வரும் எறும்பும்: தெரிந்திருக்க வேண்டியவை

ஐப்பசி பிறந்து வடகீழ்ப் பருவப்பெயர்ச்சி மழை தொடங்கியதும் வடக்கிலும் கிழக்கிலும் பெரும்பாலான வீடுகளில் ஒரே முறைப்பாடுதான் கேட்கிறது. சீனிப் போத்தலில் எறும்பு, பால்மாப் பேணியில் எறும்பு, படுக்கையில் எறும்பு, கதவு நிலையில் கறையான். உலர் வலயமான எமது பிரதேசங்களில் ஆண்டு மழையின் பெரும்பகுதி ஐப்பசிக்கும் தைக்கும் இடைப்பட்ட சில மாதங்களிலேயே கொட்டித் தீர்க்கிறது. வெயிலில் பல மாதங்கள் காய்ந்து வெடித்துக் கிடந்த நிலம் சில நாட்களில் ஊறிவிடுகிறது. நிலத்துக்குக் கீழே வாழ்பவை எல்லாம் மேட்டைத் தேடுகின்றன. அந்த மேடு பெரும்பாலும் எமது வீடாகவே இருக்கிறது.

பலருக்கு இது வெறும் தொந்தரவு. ஆனால் முதுகெலும்பில் காயப்பட்டுக் கால்களில் உணர்வில்லாமல் படுத்திருப்பவர் இருக்கும் வீட்டிலும், ஒரே ஒரு காணி உறுதியையும் காணாமல் ஆக்கப்பட்ட பிள்ளையின் ஒரே ஒரு படத்தையும் பெட்டியில் வைத்திருக்கும் வீட்டிலும் இது தொந்தரவோடு முடிவதில்லை. இரண்டையும் மனதில் வைத்து, அதிகம் செலவில்லாமல் செய்யக்கூடியவற்றை இங்கு தொகுத்துத் தருகிறோம்.

ஏன் மாரியில் வருகின்றன?

எறும்புகள் தனித்து வாழ்வதில்லை. ஒரு கூட்டில் முட்டையிடும் இராணி ஒன்றோ பலவோ இருக்கும். வெளியே நாம் காண்பவை இரை தேடும் வேலைக்கார எறும்புகள். அவை கூட்டின் சிறு பகுதி மட்டுமே. மிகுதி மண்ணுக்குள்ளோ சுவர் வெடிப்புக்குள்ளோ இருக்கும். மழைநீர் கூட்டுக்குள் இறங்கும்போது குடம்பிகளையும் கூட்டுப்புழுக்களையும் வாயில் கவ்விக்கொண்டு முழுக் கூட்டமும் இடம்பெயரும். எறும்பு வெள்ளையாக எதையோ தூக்கிக்கொண்டு மேடேறினால் மழை வருமென்று எங்கள் ஊர்களில் சொல்வது இதைப் பார்த்துத்தான். நாம் முட்டை என்று சொல்லும் அந்த வெள்ளைப் பொருட்களில் பெரும்பாலானவை உண்மையில் குடம்பிகளும் கூட்டுப்புழுக்களுமே. முட்டை மிகவும் சிறியது.

இரை கண்ட எறும்பு திரும்பிப் போகும்போது நிலத்தில் ஒரு வாசனைத் தடத்தை இட்டுச் செல்கிறது. பின்னால் வருபவை அந்தத் தடத்தைப் பிடித்தே வருகின்றன. ஒவ்வொன்றும் திரும்பும்போது தடம் இன்னும் வலுக்கிறது. காலையில் நாலைந்தாக இருந்தவை மதியத்தில் நீண்ட வரிசையாவது இப்படித்தான். வரிசையை மட்டும் நசுக்கிவிட்டு தடத்தை விட்டால் அடுத்த வரிசை அதே வழியில் வரும்.

வீட்டில் காணும் எறும்புகள்

எறும்புகளின் பெயர்கள் ஊருக்கு ஊர் மாறும். ஆகவே உருவத்தையும் நடத்தையையும் கொண்டு பிரித்துப் பார்ப்பது நல்லது. எது வந்திருக்கிறது என்பதைப் பொறுத்தே செய்ய வேண்டியதும் மாறும்.

மிகச் சிறிய மஞ்சள் எறும்பு. ஏறக்குறைய 2 மில்லிமீற்றர். இனிப்பையும் இறைச்சி, மீன், எண்ணெய்ப் பொருட்களையும் விரும்பும். சுவர் வெடிப்பு, மின் ஆளி, மடித்து வைத்த துணி என்று எங்கும் கூடு கட்டும். காயத்துக்குப் போடும் கட்டுகளையும் நாடிச் செல்லும். வைத்தியசாலைகளில் உலகெங்கும் தொல்லை தருவது இந்த வகைதான்.

தலை கறுத்து, பின்னுடல் கண்ணாடிபோல வெளிறிய மிகச் சிறிய எறும்பு. குசினிப் பலகையில் திடீரெனத் தோன்றித் திடீரென மறையும். இனிப்பையும் ஈரத்தையும் தேடுவது. கடிக்காது.

நீண்ட கால்களுடன் வரிசையில்லாமல் அங்குமிங்கும் பைத்தியம்போல ஓடும் கறுப்பெறும்பு. கடியால் தொல்லை இல்லை. ஆனால் மின் பெட்டி, தண்ணீர்ப் பம்பியின் ஆளி போன்றவற்றுக்குள் கூட்டமாகப் புகும்.

சிவந்த நெருப்பெறும்பு. வெயில் படும் வெட்டை நிலத்தில் தூளாக மண்ணைத் தள்ளிக் கூடு கட்டும். கால் வைத்தால் கூட்டமாக ஏறிக் கொட்டும். கொட்டிய இடம் எரிந்து பின்னர் சிறு கொப்புளமாகும்.

பெரிய கட்டெறும்பு. இரவில் நடமாடும். ஈரத்தில் ஊறி உளுத்த மரத்தைக் குடைந்து கூடு கட்டும். மரத்தைத் தின்பதில்லை. வீட்டுக்குள் இவை அதிகம் வந்தால் எங்கோ கூரை ஒழுகி ஒரு மரம் ஊறுகிறது என்று பொருள்.

முசுறு. மாமரத்தில் இலைகளைப் பிணைத்துக் கூடு கட்டுவது. வீட்டுக்குள் குடியேறுவதில்லை. மரத்திலுள்ள பூச்சிகளைத் தின்பதால் பயன் தருவது. சீனாவில் தோடை மரங்களைக் காக்க முசுறுக் கூடுகளை வாங்கிக் கட்டிய செய்தி கி.பி. 304 காலத்து நூலிலேயே பதிவாகியிருக்கிறது. கூரையைத் தொடும் கொப்புகளை வெட்டினாலே போதும். கூட்டை எரிக்கத் தேவையில்லை.

தலையும் பின்னுடலும் கறுத்து, நடுவுடல் செம்மஞ்சளாக, ஏறக்குறைய ஒரு சென்ரிமீற்றர் நீளமுள்ள ஒல்லியான மரத்தெறும்பு. காய்ந்த மரப் பொந்துகளிலும் வேலிக் கட்டைகளிலும் இருக்கும். இதன் கொட்டு சிலருக்குக் கடும் ஒவ்வாமையை உண்டாக்கும். கொட்டிய சிறிது நேரத்தில் உடல் முழுதும் தடிப்பு, முகமும் உதடும் வீக்கம், மூச்சுத் திணறல், வாந்தி, மயக்கம் ஆகியவற்றில் ஏதாவது ஏற்பட்டால் வீட்டு வைத்தியம் செய்துகொண்டு இருக்கக் கூடாது. உடனே வைத்தியசாலைக்குக் கொண்டு செல்லுங்கள். 1990 என்ற இலக்கத்துக்கு அழைத்தால் சுவசெரிய அம்பியூலன்ஸ் இலவசமாக வரும். ஒருமுறை இப்படி நேர்ந்தவருக்கு மறுமுறை இன்னும் கடுமையாக நேரலாம்.

மருந்து அடித்தும் ஏன் குறைவதில்லை?

கடையில் வாங்கும் ஸ்பிறே தொட்ட எறும்பைக் கொல்லும். கூட்டில் இருக்கும் இராணியைத் தொடாது. சிறிய மஞ்சள் எறும்பு போன்ற வகைகளில் நிலைமை இன்னும் மோசம். ஒரு கூட்டில் பல இராணிகள் இருப்பதால் மருந்தின் தாக்கம் பட்டதும் கூட்டம் சிதறி, ஒவ்வொரு பகுதியும் ஓர் இராணியோடும் குடம்பிகளோடும் வேறு வேறு இடங்களில் புதுக் கூடு போடும். ஒரு சுவரில் இருந்த தொல்லை நாலு சுவருக்குப் பரவும்.

மஞ்சள் தூள், சாம்பல், சுண்ணாம்புத் தூள் போன்றவை காய்ந்திருக்கும்வரை எறும்பை மறிக்கும். மாரியில் காற்றிலேயே ஈரம் நிற்பதால் ஓரிரு நாளில் தூள் கட்டிபட்டுப் போகும். எறும்பு அதன் மேலேயே நடந்து செல்லும். கோடையில் பலித்த கைவைத்தியம் மாரியில் பலிக்காமல் போவதற்குக் காரணம் இதுதான்.

படிப்படியாகச் செய்ய வேண்டியவை

முதலாவது, பார்த்தல். எறும்பு வரிசையைக் கண்டதும் கலைக்காமல் பத்து நிமிடம் பாருங்கள். எதைத் தேடி வருகின்றன, எந்த வெடிப்பால் நுழைகின்றன என்பது தெரிந்துவிடும். இரவில் ஒருமுறை ரோர்ச் லைற் பிடித்துப் பாருங்கள்.

இரண்டாவது, தடத்தை அழித்தல். சவர்க்காரம் கரைத்த தண்ணீரில் துணியை நனைத்து, நுழைவாயில் முதல் இரை இருந்த இடம்வரை முழுவதும் அழுத்தித் துடையுங்கள். வெறும் தண்ணீர் போதாது. தடத்தில் இருப்பது எண்ணெய்த் தன்மையான பொருள். வினாகிரி கலந்த தண்ணீரும் உதவும். இரண்டு மூன்று நாட்கள் தொடர்ந்து துடைக்க வேண்டும்.

மூன்றாவது, இரையை மூடுதல். சீனி, பனங்கட்டி, பினாட்டு, பால்மா, கருவாடு ஆகியவற்றை இறுகத் திருகும் மூடியுள்ள போத்தல்களில் வையுங்கள். பால்மாப் பேணியின் மூடி ஒருமுறை திறந்த பின் எறும்பைத் தடுக்காது. பேணியோடு ஒரு பொலித்தீன் பையில் இட்டு இறுகக் கட்ட வேண்டும். குழந்தையின் பால் போத்தலை இரவில் கழுவாமல் விட வேண்டாம். கோழி, நாய்க்கு வைத்த மிச்சச் சோற்றை அந்தியில் அகற்றுங்கள். தேங்காய் துருவிய இடத்தையும் அடுப்படியையும் படுக்கப் போகுமுன் துடைப்பது மிக முக்கியம்.

நாலாவது, வழியை அடைத்தல். மீள்குடியேற்றத்தின் பின்னர் கட்டப்பட்ட வீட்டுத்திட்ட வீடுகள் பலவற்றில் கொடுப்பனவு போதாமல் சுவர் பூசாமலே விடப்பட்டிருக்கிறது. பூசாத கல்லிடைவெளியும், கதவு நிலைக்கும் சுவருக்கும் நடுவே விடுபட்ட கீறலும், நிலமும் சுவரும் சந்திக்கும் மூலையுமே எறும்பின் பிரதான பாதைகள். முழு வீட்டையும் பூசப் பணம் இல்லாவிட்டாலும், ஒரு சட்டி சீமெந்துக் கலவையால் குசினியின் கீழ் வரிசைக் கற்களையும் நிலைகளின் ஓரங்களையும் அடைத்துவிடலாம். மழை விட்டுச் சுவர் காயும்வரை தற்காலிகமாகச் சவர்க்காரத்தையோ மெழுகையோ வெடிப்பில் அழுத்தித் தேய்த்து வைக்கலாம்.

ஐந்தாவது, ஈரத்தைக் குறைத்தல். ஒழுகும் ஓடு, சொட்டும் குழாய், சுவரோடு சேர்த்து அடுக்கிய விறகு, வாசலில் கிடக்கும் ஈரச் சாக்கு ஆகியவை எறும்புக்கும் கறையானுக்கும் தங்குமிடம். விறகைச் சுவரிலிருந்து ஒரு முழமாவது தள்ளி, கல்லின் மேல் அடுக்குங்கள். கூரைத் தண்ணீர் அத்திவாரத்தில் விழுந்து தேங்காமல் ஒரு சிறு வாய்க்கால் வெட்டி விடுங்கள்.

இவ்வளவும் செய்தாலே பெரும்பாலான வீடுகளில் தொல்லை பாதிக்கு மேல் குறையும்.

மெதுவாகக் கொல்லும் இரை

அப்படியும் விடாமல் வந்தால் கூட்டையே அழிக்கும் வழி ஒன்று உண்டு. வளர்ந்த எறும்பு திடப் பொருளை விழுங்குவதில்லை. திரவத்தையே குடித்து, கூட்டுக்குப் போய் மற்றவற்றுக்கும் இராணிக்கும் வாயோடு வாயாக ஊட்டும். ஆகவே உடனே கொல்லாமல் மெதுவாகக் கொல்லும் ஒன்றை இனிப்புத் தண்ணீரில் சிறிதளவு கலந்து வைத்தால், எறும்பே அதைக் கூட்டுக்குள் கொண்டு போகும். அதற்குப் பயன்படுவது வெண்காரம் அல்லது போரிக் பவுடர். பாமசிகளில் கேட்டுப் பார்க்கலாம். கரம் பலகைக்குப் போடும் தூள் சிலவற்றிலும் இதுவே இருக்கும். ஆனால் எல்லாவற்றிலும் அல்ல. பெட்டியில் எழுதியிருப்பதைப் பார்த்தே வாங்க வேண்டும்.

அளவு இதுதான்: ஒரு கோப்பை இளஞ்சூட்டுத் தண்ணீரில் 8 தேக்கரண்டி சீனியும் அரைத் தேக்கரண்டி வெண்காரமும் நன்கு கரையும்வரை கலக்குங்கள். வெண்காரத்தைக் கூட்டினால் பலன் கூடாது. அளவு கூடினால் எறும்பு வழியிலேயே இறந்துவிடும், கூட்டுக்குப் போய்ச் சேராது. பஞ்சை இதில் நனைத்து, மூடியில் சிறு துளைகள் இட்ட பிளாஸ்ரிக் பேணிக்குள் வைத்து, எறும்பு வரும் பாதையோரம் வையுங்கள். முதல் ஓரிரு நாட்கள் எறும்பு பெருகி வரும். பயந்து கலைக்க வேண்டாம், பக்கத்தில் மருந்து அடிக்கவும் வேண்டாம். இரண்டு நாளுக்கொருமுறை பஞ்சை மாற்றி, ஓரிரு வாரம் தொடர வேண்டும்.

இனிப்பைத் தொடாமல் மீன், எண்ணெய்ப் பொருட்களையே நாடும் கூட்டமானால், பொரித்த மீன்தூளை எண்ணெயோடு பிசைந்து இரண்டு மேசைக்கரண்டி அளவு எடுத்து, அதில் கால் தேக்கரண்டி வெண்காரம் சேருங்கள். எது பிடிக்கும் என்று அறிய, முதல் நாள் ஒரு துண்டுக் கடதாசியில் சீனியும் மீன்துண்டும் அருகருகே வைத்துப் பார்த்தால் தெரியும்.

இது நஞ்சு. குழந்தைகள், கோழிகள், வளர்ப்பு விலங்குகள் எட்டாத இடத்தில் மட்டுமே வையுங்கள். கலக்கிய பாத்திரத்தைச் சமையலுக்குப் பயன்படுத்த வேண்டாம். மிச்சத்தைப் பழைய பானப் போத்தலில் ஊற்றி வைக்கவே கூடாது. பிள்ளை விழுங்கிவிட்டதாகச் சந்தேகம் வந்தால் வாந்தியெடுக்கச் செய்யாமல், அந்தப் பேணியையும் எடுத்துக்கொண்டு வைத்தியசாலைக்குச் செல்லுங்கள். கொழும்பு தேசிய வைத்தியசாலையில் இயங்கும் தேசிய நச்சுத் தகவல் நிலையத்திடம் வைத்தியர்கள் ஆலோசனை பெற முடியும்.

படுக்கையில் இருப்பவர்கள்

போரில் முதுகெலும்பு காயப்பட்டவர்கள், நீரிழிவால் பாதத்தில் உணர்வு குறைந்தவர்கள், படுக்கையிலேயே இருக்கும் முதியவர்கள், கைக்குழந்தைகள் ஆகிய நால்வருக்கும் எறும்பு உண்மையான ஆபத்து. உணர்வில்லாத இடத்தில் எறும்பு கடித்தால் தெரியாது. இரவு முழுதும் கடிபட்ட இடம் காலையில் புண்ணாகியிருக்கும். ஏற்கெனவே படுக்கைப் புண் இருந்தால் அதன் நீரின் வாசனைக்கே எறும்பு வரும், கிருமிகளையும் கொண்டுவரும்.

கட்டிலைச் சுவரிலிருந்து ஒரு சாண் தள்ளிப் போடுங்கள். போர்வையும் நுளம்பு வலையும் நிலத்தில் படாமல் மெத்தைக்கு அடியில் செருகுங்கள். நிலத்தில் தொங்கும் ஒரு நூலே எறும்புக்குப் பாலமாகிவிடும். கட்டில் கால்களைச் சுற்றி இரண்டு விரல் அகலத்துக்கு வசிலினோ கிறீசோ பூசினால் எறும்பு ஏறாது. தூசி படிந்தால் துடைத்துவிட்டு மீண்டும் பூச வேண்டும். சிறுநீர்ப் பை, குழாய், சக்கர நாற்காலியின் இருக்கை ஆகியவற்றைத் தினமும் துடையுங்கள். கட்டிலில் வைத்துச் சாப்பாடு கொடுத்தால் விரிப்பை உதறிப் போடுங்கள்.

காலையிலும் படுக்கப் போகுமுன்பும் உணர்வில்லாத பகுதியை வெளிச்சத்தில் பார்ப்பது பழக்கமாக வேண்டும். முதுகுப் புறத்தைப் பார்க்க ஒரு கண்ணாடி போதும். பொய்க்கால் பயன்படுத்துபவர்கள் கழற்றிய பின் அதன் உட்புறத்தைச் சவர்க்காரத் தண்ணீரால் துடைத்து, காயவிட்டு, உயரத்தில் தொங்கவிடுங்கள். வியர்வை படிந்த உறைக்குள் எறும்பு புகுந்திருக்கும். அணியுமுன் உதறிப் பார்க்க வேண்டும். புண்ணில் எறும்பு கண்டால் மண்ணெண்ணெயோ மருந்தோ ஊற்றக் கூடாது. உப்புத் தண்ணீரால் கழுவி, சுத்தமான துணியால் மூடி, வைத்தியசாலையில் காட்டுங்கள்.

கால்களுக்குக் கீழே தண்ணீர்க் கிண்ணம் வைப்பது எமது பழைய வழக்கம். சாப்பாட்டு அலுமாரிக்கும் அப்படியே வைப்போம். பலன் தரும் வழிதான். ஆனால் டெங்கு நுளம்பு முட்டையிடுவது இப்படிப்பட்ட சிறு தேக்கங்களில்தான். 2017இல் இலங்கையில் 1 இலட்சத்து 86 ஆயிரத்துக்கும் மேற்பட்டோர் டெங்கு நோயாளராகப் பதிவாகினர். முட்டை நுளம்பாக வளர ஏறக்குறைய ஒரு வாரம் போதும். ஆகவே கிண்ணம் வைப்பவர்கள் தண்ணீரை ஊற்றிவிட்டு மறுபடி நிரப்பினால் மட்டும் போதாது. முட்டைகள் கிண்ணத்தின் உட்சுவரில் ஒட்டியிருக்கும். வாரத்துக்கு இருமுறை உரஞ்சிக் கழுவுங்கள். தண்ணீருக்குப் பதிலாகப் பாவித்த எண்ணெயை ஊற்றி வைத்தால் இந்தச் சிக்கலே இல்லை.

செய்யக் கூடாதவை

வயலுக்கும் தோட்டத்துக்கும் அடிக்கும் கிருமிநாசினியை எந்த அளவிலும் வீட்டுக்குள் பயன்படுத்த வேண்டாம். அது மூடிய அறையில் மனிதர் மூச்சில் சேரும், நிலத்தில் தவழும் குழந்தையின் கையில் ஒட்டும். அதை வீட்டுக்குள் வைத்திருப்பதும் கூடாது. பூட்டிய பெட்டியில், வீட்டுக்கு வெளியே இருக்க வேண்டும்.

எறும்புச் சோக் என்று விற்பதில் பூச்சிகொல்லி கலந்திருக்கிறது. பள்ளிக்கூடச் சோக் போலவே இருப்பதால் பிள்ளைகள் எடுத்து விளையாடுவார்கள். பிள்ளைகள் உள்ள வீட்டில் அது தேவையில்லை.

மண்ணெண்ணெய் ஊற்றுவது எமக்குப் பழகிய வழி. பொருளாதாரத் தடைக் காலத்தில் ஒரு போத்தல் மண்ணெண்ணெய் என்ன விலை போனது என்று நினைவுள்ளவர்களுக்கு, அதை எறும்புக்கு ஊற்ற மனம் வருவதும் கடினம். அது தடத்தைச் சில மணி நேரம் மறைக்கும், அவ்வளவுதான். அடுப்படியிலும் குப்பி விளக்கருகிலும் தீப்பிடிக்கும் ஆபத்து உண்டு.

மின் ஆளிக்குள் எறும்பு புகுந்தால் எதையும் தெளிக்காதீர்கள். பிரதான ஆளியை நிறுத்திய பின் மின் வேலை தெரிந்தவரைக் கொண்டு திறந்து துடைக்க வேண்டும்.

கறையான் வேறு, எறும்பு வேறு

வெள்ளெறும்பு என்று சிலர் சொன்னாலும் கறையான் எறும்பினம் அல்ல. கரப்பான் பூச்சிக்கு நெருங்கிய உறவு. எறும்பின் இடை ஒடுங்கியிருக்கும், உணர்கொம்பு முழங்கைபோல மடிந்திருக்கும். கறையானின் இடை ஒடுங்காது, உணர்கொம்பு நேராக இருக்கும். முதல் மழைக்குப் பின் விளக்கைச் சுற்றும் ஈசல் சிறகு முளைத்த கறையானே. அதன் நாலு சிறகும் ஒரே அளவு. சிறகு முளைத்த எறும்புக்கு முன்சிறகு பெரிது.

எறும்பு கறையானின் முதல் எதிரி. வளவு முழுவதும் மருந்தடித்து எறும்பை ஒழித்தால் கறையானுக்கு வழி திறந்துவிட்டதாகும். ஆகவே வீட்டுக்குள் வருவதை மட்டும் தடுத்தால் போதும். வளவில் இருப்பதை அதன்பாட்டில் விட்டுவிடலாம்.

கறையான் வெளிச்சத்தில் நடப்பதில்லை. மண்ணால் குழாய்போல மூடிய பாதை கட்டிக்கொண்டே சுவரில் ஏறும். சுவரிலோ நிலையிலோ பென்சில் பருமனில் மண் கோடு கண்டால் ஓரிடத்தில் உடைத்துப் பாருங்கள். இரண்டு நாளில் திரும்பக் கட்டியிருந்தால் உள்ளே உயிருள்ள கூட்டம் இருக்கிறது. நிலையையும் வளையையும் விரல் முட்டியால் தட்டிப் பாருங்கள். வெற்றொலி கேட்டால் உள்ளே தின்றிருக்கிறது. கிடுகையும் பனையோலையையும் சுவரோடு சாய்த்து வைக்காமலும், கட்டிடத்தின்போது மிஞ்சிய பலகைத் துண்டுகளை அத்திவாரத்தோடு புதைக்காமலும் இருப்பது பெரிய பாதுகாப்பு. நிலையின் அடிக்கட்டை ஈர மண்ணைத் தொடக் கூடாது. வீடு முழுவதும் பரவியிருந்தால் கறையான் வேலை தெரிந்தவர்களை அழைப்பதே வழி.

கடதாசிகளைக் காப்பது

கறையானுக்கு மரமும் கடதாசியும் ஒன்றுதான். பதுங்குகுழியிலும் வள்ளத்திலும் முகாமிலும் பொலித்தீன் பைக்குள் சுற்றி உயிரோடு சேர்த்துக் காத்துக்கொண்டு வந்த உறுதியையும் பிறப்புச் சான்றிதழையும், நிலையான ஒரு வீட்டுக்கு வந்தபின் அலுமாரியின் அடித்தட்டில் கறையானுக்குக் கொடுத்துவிடக் கூடாது.

ஆவணப் பெட்டி தகரமாகவோ தடித்த பிளாஸ்ரிக்காகவோ இருக்கட்டும். மரப் பெட்டி வேண்டாம். நிலத்தில் வைக்காமல் நாலு கற்களின் மேல், சுவரைத் தொடாமல் வையுங்கள். ஒவ்வொரு ஆவணத்தையும் காய்ந்த நாளொன்றில் காற்றாட விட்டு, தனித்தனிப் பிளாஸ்ரிக் உறையில் இடுங்கள். ஈரத்தோடு மூடினால் பூஞ்சணம் பிடிக்கும். மருந்துப் போத்தல்களில் வரும் ஈரமுறிஞ்சிப் பொட்டலங்களைச் சேர்த்து வைத்து உள்ளே போடலாம். வேப்பிலை வைப்பதானால் நன்கு காய்ந்ததாக இருக்க வேண்டும். மாரியில் மாதம் ஒருமுறை பெட்டியைத் திறந்து பாருங்கள்.

மூலப் பிரதியை லமினேற் செய்ய வேண்டாம். பிறகு பிரிக்க முடியாது, உள்ளிருக்கும் ஈரமும் வெளியேறாது. போட்டோப் பிரதியை லமினேற் செய்து அன்றாடத் தேவைக்கு வைத்துக்கொள்ளுங்கள். எல்லாவற்றையும் கைத்தொலைபேசியில் படமெடுத்து, வேறு ஊரில் அல்லது வெளிநாட்டில் உள்ள நம்பிக்கையான உறவினர் ஒருவருக்கு அனுப்பி வையுங்கள்.

கறையான் தின்ற உறுதியை எறிந்துவிடாதீர்கள். உறுதி இலக்கம், தேதி, நொத்தாரிசின் பெயர் ஆகியவற்றில் எது எஞ்சியிருந்தாலும் உதவும். நொத்தாரிசுகள் தாம் எழுதும் உறுதியின் இரண்டாம் பிரதியைக் காணிப் பதிவகத்துக்கு அனுப்ப வேண்டும் என்பது சட்டம். அங்கிருந்து உறுதிப்படுத்திய பிரதிக்கு விண்ணப்பிக்கலாம். அரச காணி அனுமதிப்பத்திரமானால் பிரதேச செயலகத்தில் விசாரியுங்கள். பிறப்பு, விவாக, மரணச் சான்றிதழ்களின் பிரதிகளுக்கும் பிரதேச செயலகத்தில் விண்ணப்பிக்கலாம்.

காணாமல் ஆக்கப்பட்டோரின் குடும்பங்கள் வைத்திருக்கும் கடதாசிகளுக்கு இப்படி இரண்டாம் பிரதி கிடைப்பது கடினம். பொலிஸ் முறைப்பாட்டுத் துண்டு, செஞ்சிலுவைச் சங்கத்தின் பதிவுத் தாள், ஆணைக்குழுக்களுக்குக் கொடுத்த முறைப்பாட்டின் பற்றுச்சீட்டு, கடைசியாக வந்த கடிதம் ஆகியவை சாட்சியங்கள். 2016ஆம் ஆண்டின் சட்டத்தால் உருவான காணாமற்போனோர் அலுவலகமோ வேறெந்த அமைப்போ கேட்டாலும் பிரதியைக் கொடுத்து மூலத்தை வைத்துக்கொள்ளுங்கள். போராட்டப் பந்தலுக்குக் கொண்டு செல்லும் படமும் பிரதியாகவே இருக்கட்டும். வெயிலிலும் மழையிலும் நின்ற படம் சீக்கிரம் மங்கும். ஒரே படம் என்றால் இன்றே ஸ்ரூடியோவில் கொடுத்துப் பிரதி எடுங்கள்.

நனைந்து ஒன்றோடொன்று ஒட்டிய படங்களை இழுத்துப் பிரிக்காதீர்கள். இன்னும் ஈரமாக இருந்தால் சுத்தமான குளிர்ந்த தண்ணீரில் மிதக்கவிட்டு, தானாக விலகும்போது எடுத்து, முகம் மேலே தெரிய நிழலில் காயவிடுங்கள். காய்ந்து ஒட்டிப் போயிருந்தால் தொடாமல் வைத்து, படவேலை தெரிந்தவரிடம் காட்டுங்கள்.

புற்றும் புதிதாக விடுவிக்கப்பட்ட காணியும்

பல ஆண்டுகள் ஆளில்லாமல் கிடந்த காணிக்குத் திரும்புவோர் முதலில் காண்பது பற்றையும் புற்றும்தான். புற்றை இடிக்கும் அவசரம் வேண்டாம். மாரியில் பாம்பும் அதற்குள் ஒதுங்கும். அதைவிட முக்கியமானது, கண்ணிவெடி அகற்றியதாக உறுதிப்படுத்தப்படாத காணியில் அலவாங்கு போடவோ, புற்றின் மேலும் பற்றையின் மேலும் தீ மூட்டவோ கூடாது. மண்ணுக்குள் புதைந்து கிடப்பது சூட்டிலும் வெடிக்கும். கண்ணிவெடி அகற்றும் பணி வடக்கில் இன்னும் முடியவில்லை. மழை மண்ணை அரித்துச் செல்லும்போது புதிதாக ஏதாவது வெளியே தெரியலாம். சந்தேகமான பொருளைக் கண்டால் தொடாமல், வந்த வழியே திரும்பி, கிராம அலுவலருக்கோ பொலிஸாருக்கோ அறிவியுங்கள். பிள்ளைகளுக்கும் இதைச் சொல்லி வையுங்கள்.

மாரிக்கு முன் ஒருமுறை

எல்லாவற்றையும் மழை தொடங்கிய பின் செய்வது கடினம். ஈரச் சுவரில் சீமெந்து பிடிப்பதற்கும் நாளாகும். ஆகவே புரட்டாதி மாதத்தில் ஒரு நாள் ஒதுக்குங்கள். கூரையில் உடைந்த ஓடு, நிலையோர வெடிப்பு, கூரையைத் தொடும் கொப்பு, சுவரோரத்து விறகு, ஆவணப் பெட்டி, படுக்கையில் இருப்பவரின் கட்டில் ஆகிய ஆறையும் வரிசையாகப் பாருங்கள். வீட்டில் வேலைக்கு ஆளில்லாத பெண் தலைமைக் குடும்பங்களுக்கும் முதியவர்களுக்கும் ஓடு மாற்றிக் கொடுக்கவும் விறகை இடம் மாற்றவும் அயலவர்கள் ஒரு பின்னேரம் கை கொடுத்தால், அந்த வீட்டின் மாரி பெருமளவு சுலபமாகும்.